திருநெல்வேலிக்கு அஞ்சு தட்டு, தென்காசிக்கு மூணு

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் பேட்டை. ரயில்வே லைனை ஒட்டின தெரு. வீட்டிலேயே மிதி மிஷின் போட்டு பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு இரண்டரை. இரண்டு பேரும் என் காலடியிலேயே வளர்ந்த பிள்ளைகள். அவர்களோடு நான் என்னென்ன பாடினேன், எதையெல்லாம் தட்டினேன், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சங்கீதம் படித்தவள் இல்லை. தாளக் கணக்கு மட்டும் எதிர்வீட்டில் மிருதங்கம் படிக்கிற பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

நாலாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் பாட்டு பழக்கினார்கள். என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று சொன்னார்கள். அதற்கப்புறம் இருபது வருடம் நான் பாடவே இல்லை. கோயிலில் எல்லாரும் சேர்ந்து பாடும்போதுகூட வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெரியவன் பிறந்த எட்டாம் நாள் ராத்திரி, என்ன செய்தும் அழுகை அடங்கவில்லை. வேறு வழி தெரியாமல் அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தேன். அழுகை நின்றது. கண்ணை விரித்து என் முகத்தைப் பார்த்தான். வயிற்றில் ஆறு மாதம் தாண்டும்போதே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும் என்றும், பிறந்த பிள்ளை தன் அம்மா குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்து அறிந்துகொள்ளும் என்றும் பிறகு டாக்டரம்மா சொன்னார்கள். அப்படியென்றால் நான் இருபது வருடம் ஒளித்து வைத்த குரல்தான் அவனுக்குத் தெரிந்த முதல் குரல்.

உங்களிடமும் யாராவது குரல் சரியில்லை என்று சொல்லியிருந்தால், அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

பாட்டாக வேண்டாம், கூப்பாடாகத் தொடங்குங்கள்

பாடக் கூச்சப்படுகிறவர்கள்கூடப் பிள்ளையைக் கூப்பிடத்தானே செய்கிறோம்? அடுக்களையிலிருந்து பின்வாசலுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பெயரை இழுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சுரம் மேலே நிற்கும், முடிவில் ஒரு சுரம் கீழே இறங்கும். அந்த இரண்டு சுரம் போதும். "குளிக்க வாஆஆ", "சட்டை எங்கேஏஏ" என்று அதே இரண்டு சுரத்தில் ஒரு வாரம் பேசுங்கள். பிள்ளை அதே சுரத்தில் பதில் சொல்கிற நாள் ஒன்று வரும். சின்னவள் ஒன்றே முக்கால் வயதில், வாய் நிறைய இட்லியோடு "வேண்டாஆஆம்" என்று என் சுரத்திலேயே திருப்பிப் பாடினாள். அவளுடைய முதல் பாட்டு என்று நான் அதைத்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

தெருவில் போகிற விற்பனைக் கூப்பாடுகள் இதற்கு அருமையான பாடம். எங்கள் தெருவுக்கு வருகிற கீரைக்காரம்மாவின் குரல் முதல் எழுத்தில் ஏறி, நடுவில் அலைந்து, கடைசியில் சட்டென்று அறுந்து நிற்கும். கோலப்பொடிக்காரர் ஒரே சுரத்தில் நீளமாகப் போவார். இப்போது பாதிப் பேர் பதிவு செய்த குரலை வண்டியில் கட்டி ஓட விடுகிறார்கள். அதுவும் சரிதான், பிள்ளை அதையும் பிடிக்கும். கூப்பாடு கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு இருவரும் அதேபோலச் சொல்லிப் பாருங்கள். பிறகு கொல்லையில் ஒரு ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளையே விற்க வரட்டும். நீங்கள் வாங்குகிறவர். பாடி விற்றால்தான் வாங்குவீர்கள் என்று ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, உயரம். சின்னப் பிள்ளைகளின் குரல் நம்முடையதைவிட மேலே இருக்கும். ரொம்பக் கீழே போகாது. ஆண்களின் கனத்த குரலோடு சேர்ந்து பாட அவர்கள் திணறுவார்கள். என் வீட்டுக்காரர் பாடினால் பெரியவன் வாயை மூடிக்கொள்வான். "ஏங்க, கொஞ்சம் மேல எடுத்துப் பாடுங்க" என்று சொன்ன பிறகுதான் அவன் சேர்ந்துகொண்டான். இரண்டாவது, பிள்ளை சுருதி விலகிப் பாடினால் திருத்தாதீர்கள். நீங்கள் பாட்டை நிறுத்தி, அது பிடித்திருக்கிற சுருதிக்குப் போய் அங்கிருந்து பாடுங்கள். தன் குரலும் அம்மாவின் குரலும் ஒன்றாகச் சேருவது எப்படி இருக்கும் என்று அது முதல்முறை உணர்வது அப்போதுதான். அந்த உணர்வு வந்துவிட்டால், பிறகு தானாகவே தேடி வந்து சேரும். "தப்பு" என்கிற சொல்லை இந்த விஷயத்தில் நான் வீட்டில் யாரையும் சொல்ல விடுவதில்லை. ஆச்சிக்கும் இதே சட்டம்தான்.

ஊர்ப்பெயரே தாளம்

எங்கள் வீட்டில் அதிகம் விளையாடுவது இதைத்தான். செங்கோட்டை போகிற ரயில் எங்கள் தெருவை உரசிக்கொண்டு போகும். "இந்த ரயில் எங்கெல்லாம் நிக்கும்?" என்று பெரியவன் நாளைக்கு நாலு தடவை கேட்பான். சொல்லிச் சொல்லி அலுத்த ஒரு நாளில், சொல்லும்போதே தொடையில் தட்டினேன். அங்கே பிடித்தது.

செய்முறை இவ்வளவுதான். ஒரு ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அதை எத்தனை துண்டாகச் சொல்கிறதோ அத்தனை தட்டு. தென்-கா-சி, மூன்று. பா-ப-நா-சம், நாலு. தி-ரு-நெல்-வே-லி, ஐந்து. ஒற்றெழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது. அது முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதே இல்லை, அதன் வாய்க்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் தட்டினால் அது தட்டும்.

மிருதங்கம் படிக்கிற பையன் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க சொல்லுதது பூராவும் சொல்கட்டுதான்" என்றான். தாள வாத்தியக்காரர்கள் கையில் வாசிப்பதற்கு முன்னால் வாயில் சொல்லிப் பழகுகிற சொற்கள் அவை. மூன்றுக்கு தகிட. நாலுக்கு தகதிமி. ஐந்துக்கு தக தகிட. ஏழுக்கு தகிட தகதிமி. ஒன்பதுக்கு தகதிமி தக தகிட. அவன் சொன்னதைக் கேட்டு நான் ஊர்களைப் பொருத்திப் பார்த்தேன். தென்காசி, குற்றாலம், முக்கூடல், மாஞ்சோலை, செங்கோட்டை எல்லாம் தகிட. பாபநாசம், கோவில்பட்டி, சுத்தமல்லி தகதிமி. திருநெல்வேலி அச்சு அசலாகத் தக தகிட: திரு தக, நெல்வேலி தகிட. காருகுறிச்சியும் அப்படியே. பாளையங்கோட்டையும் ஐந்துதான், ஆனால் முறிகிற இடம் வேறு: பாளையங் மூன்று, கோட்டை இரண்டு. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். நடுவில் ஆற்றைத் தாண்டுகிற மாதிரி கை ஒரு தடவை தடுமாறி, பிறகு பழகும். ஏழு வேண்டுமென்றால் தென்காசி பாபநாசம். ஒன்பதுக்கு பாபநாசம் திருநெல்வேலி. தாமிரபரணி ஆறு தட்டு. மும்மூன்றாகப் பிரியும், ஊஞ்சல் மாதிரி.

எங்கள் லைனில் வரிசையாகச் சொன்னால் திருநெல்வேலி டவுண், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். ஸ்டேஷன் போர்டில் சேரன்மகாதேவி ஆறு தட்டு. ஆச்சி வாயில் அது சேர்மாதேவி, நாலே தட்டு. பெரியவனுக்கு இது பெரிய வழக்காகிவிட்டது. "ஆச்சி, போர்டுல ஆறு இருக்கு!" என்பான். "நான் பொறந்ததுல இருந்து நாலுதாம்லே" என்பாள் ஆச்சி. இரண்டும் சரி என்று இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டுகிறோம்.

காருகுறிச்சி வரும்போது மட்டும் இரண்டு பேரும் கையைக் குழலாக்கி "பீப்பீ" என்று ஊத வேண்டும். நாகஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) ஊர் என்பதால் நான் வைத்த வழக்கம். அவர் வாசிப்பு ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. தைக்கும்போது மெதுவாகப் போட்டு வைப்பேன். ஒரு சாயங்காலம் சின்னவள் தலையை நிமிர்த்தி, "பீப்பீ தாத்தா அழுவுதாரு" என்றாள். அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு முழுக்க உட்கார்ந்து கேட்டோம்.

வயதுக்குத் தக்கபடி இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் பிள்ளையை மடியில் மலர்த்தி, அதன் உள்ளங்காலில் நீங்கள் தட்ட வேண்டும். இரண்டு வயதில் அது தட்டும், ஆனால் கணக்குச் சேராது. சேர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறு பிள்ளைகளின் இயல்பான வேகம் நம்முடையதைவிடக் கூடுதல். நம் வேகத்துக்கு அவர்களை இழுத்தால் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்கள் தட்டுகிற வேகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நாம் ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டும். செல்போனில் தாளம் போடுகிற செயலியும் வைத்துப் பார்த்தேன். அதோடு இருவரும் சேரவே இல்லை. என் கையைப் பார்த்துத் தட்டினால் சேர்ந்தார்கள். எதிரே ஒரு ஆள் இருந்து, முகம் பார்த்துத் தட்டுவது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

நாலு வயதுக்கு மேல் ஒரு தட்டை விழுங்கச் சொல்லுங்கள். திரு, நெல், வே... 'லி' வருகிற இடத்தில் கை காற்றில் நிற்க வேண்டும், வாயும் மூடியிருக்க வேண்டும். சத்தம் இல்லாத இடத்தையும் எண்ணுவதுதான் தாளத்தில் கஷ்டமான பாதி. இது வந்துவிட்டால் பிள்ளை சிரிக்கிற சிரிப்பே தனி.

ஐந்தாறு வயதில் ஆதி தாளமே போடலாம். எட்டு எண்ணிக்கை. வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதோடு நாலு. அப்புறம் தட்டி, கையைத் திருப்பி வீசு. மறுபடி தட்டி, வீசு. அதோடு எட்டு. முதல் நாலுக்கு பாபநாசம், அடுத்த நாலுக்கு கோவில்பட்டி. பெரியவன் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டான். இப்போது ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது தானாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்கள் ஊர் வேறு என்றால் உங்கள் பஸ் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் பெயர், சாப்பிட்ட பலகாரம், எதுவும் ஆகும். அல்வா இரண்டு.

அடுக்களையும் தையல் மிஷினும்

சொளகில், அதாவது முறத்தில், உளுந்து புடைக்கிறதை உற்றுக் கேட்டிருக்கிறீர்களா? ஆச்சி இரண்டு தட்டுத் தட்டி, ஒரு தடவை கொழிப்பாள். தட், தட், ஸ்ஸ்ஸ். தட், தட், ஸ்ஸ்ஸ். கை வலித்தால் வேகம் குறையுமே தவிர வரிசை குலையாது. பிள்ளைக்கு ஒரு சின்னச் சொளகும் ஒரு பிடி அரிசியும் கொடுத்து எதிரே உட்கார வையுங்கள். அரிசி சிந்தும். பெருக்கிக்கொள்ளலாம்.

சமைக்கிற நேரத்தில் கண்ணை மூடிக் கேட்கிற விளையாட்டு ஒன்று உண்டு. பிள்ளை அடுப்பைவிட்டுத் தள்ளி, நடைவாசலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கடுகு வெடிக்கிறதா, தோசை ஊற்றினேனா, தேங்காய் துருவுகிறேனா, சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்ட வேண்டும். கடுகு முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் சடசடவென்று, கடைசியில் மறுபடி ஒன்றிரண்டாக வெடிக்கும். மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குவதை இதைவிட நன்றாக வேறெதிலும் சொல்லிக் கொடுக்க முடியாது.

தையல் மிஷினில் நாங்கள் விளையாடுவது நின்று போகிற ஆட்டம். நான் மிதிக்கிற வரைக்கும் ஆடலாம். மிதி நின்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். மெதுவாக மிதித்தால் யானை நடை, வேகமாக மிதித்தால் ஓட்டம். ஓரம் அடிக்கிற வேலையை இந்த நேரத்துக்கு ஒதுக்கிவிட்டால் வேலையும் முடியும். மிஷின் இல்லாத வீட்டில் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். மழை நாளில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது இது ஒன்றுதான் அவர்களைச் சமாளிக்கும்.

தம்ளரில் தண்ணீர் ஊற்றி வாசிப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நான் முதல் இரண்டு தடவை கெடுத்துவிட்டேன். ஒரே அளவுக் கண்ணாடித் தம்ளர்களாக எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தம்ளரில் ஒலி சீக்கிரம் செத்துவிடும். பீங்கான் கிண்ணமும் நன்றாக இருக்கும், ஜலதரங்கம் வாசிக்கிறவர்கள் அதைத்தான் வைக்கிறார்கள். தரையில் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள், ஒலி கொஞ்சம் நின்று கேட்கும். இரும்புக் கரண்டி வேண்டாம், மரக்கரண்டியால் விளிம்பில் லேசாகத் தட்ட வேண்டும். முதல் நாள் இரண்டே தம்ளர்: ஒன்றில் நிறையத் தண்ணீர், ஒன்றில் கொஞ்சம். தண்ணீர் கூடக்கூட ஒலி கனத்துக் கீழே இறங்கும், ஏனென்றால் தம்ளர் அந்தத் தண்ணீரையும் சேர்த்து அதிர வேண்டியிருக்கிறது. எது மேலே, எது கீழே என்று பிள்ளை கண்ணை மூடிச் சொல்லப் பழகிய பிறகு மூன்றாவதை வைத்து ச, ரி, க பிடியுங்கள். ச வைக்கிற தம்ளரில்தான் தண்ணீர் அதிகம். கரண்டி கரண்டியாக ஊற்றி, வாயில் பாடிக்கொண்டே சரி பாருங்கள். அப்புறம் ப, த இரண்டையும் சேர்த்தால் மோகன ராகத்துக்கு வேண்டிய ஐந்து சுரமும் வந்துவிடும். பிள்ளை எந்த வரிசையில் தட்டினாலும் காதுக்கு இனிமையாகவே இருக்கும்.

இதோடு ஒரு கேள்வியையும் போடுங்கள். அதே தண்ணீரைச் சோடா பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்து ஊதினால்? இப்போது தண்ணீர் கூடக்கூட ஒலி மேலே ஏறும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கிற காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. பெரியவன் இதை நம்பவே இல்லை. அரை மணி நேரம் ஊதி ஊதித் தலை கிறுகிறுக்கும் வரை சோதித்தான். நடுவில் மூச்சு வாங்கச் சொல்லுங்கள்.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இந்தத் தம்ளர் பாடத்துக்குப் பிறகு கூட்டிப் போங்கள். ஒரே கல்லில் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சிறு தூண்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், கனமும் வடிவமும் ஒன்றுபோல ஒன்று இல்லை. தட்டவிட வேண்டாம், தட்டித் தட்டிக் கல்லுக்குக் கேடு. எந்தத் தூண் மேலே ஒலிக்கும், எது கீழே ஒலிக்கும் என்று பார்வையிலேயே சொல்லச் சொன்னேன். சின்னவள் ஒவ்வொரு தூணையும் பார்த்து "ம்ம்", "ஈஈ" என்று பாடிக்கொண்டே சுற்றி வந்தாள்.

ஆமா போடுகிறது

என் மாமனார் ஒரு காலத்தில் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். எங்கள் பக்கத்துக் கொடைகளில், அதாவது ஊர்க்கோயில் திருவிழாக்களில், வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. நடுவில் வில், அதில் கட்டின மணிகள், வீசுகோலால் அடித்துப் பாடுகிறவர் ஒருவர். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பின்னால் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். அந்த ஆமா இல்லாவிட்டால் கதை நகராது என்பார் மாமனார்.

அந்த ஆமாவைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பேச்சு வராத பிள்ளைக்கும் இது வரும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, பிள்ளையின் அன்றைய நாளையே கதையாக எடுங்கள். ஒரு வரி, ஒரே மெட்டு, ஒவ்வொரு வரியும் ஒரே நீளம்.

காலையில எந்திரிச்சு (ஆமா)
கன்னுக்குட்டி பாத்துவந்து (ஆமா)
பல்லு வெளக்க மாட்டேன்னு (ஆமா)
பாப்பா நின்னு அழுகையில (ஆமா)

இதில் எதுகை மோனை தானாக வந்தால் நல்லது, வராவிட்டாலும் கதை நிற்காது. வரியின் நீளம் மட்டும் மாறக் கூடாது. மாறினால் பிள்ளைக்கு ஆமா போடுகிற இடம் தெரியாமல் போகும். இரண்டு வாரம் போனதும் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிடுங்கள். "பக்கத்து வீட்டு மாமி வந்து..." என்று நிறுத்தினால் மீதியைப் பிள்ளை போடும். ஐந்து வயதில் அதுவே பாட, நாம் ஆமா போடுகிற நிலை வந்துவிடும்.

குடத்துக்கு மண்குடம் வேண்டாம், உடையும். பிளாஸ்டிக் குடமோ எவர்சில்வர் குடமோ போதும். பழைய பனையோலை விசிறியால் குடத்தின் வாயில் அடித்தால் "கும்" என்று வயிற்றுக்குள் கேட்கும். மாமனார் இதைச் செய்து காட்டியபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் தாத்தா, ஆச்சி, பாட்டையா யாராவது இருந்தால் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். நடவுப் பாட்டோ, கும்மியோ, கோயில் பஜனையோ, சர்ச்சில் பாடும் கீர்த்தனையோ, எது தெரிந்தாலும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் மறந்துபோச்சு என்பார்கள். முதல் வரியை நாம் தப்பாகப் பாடினால் திருத்துவதற்காகவாவது பாடிவிடுவார்கள்.

இலையும் விதையும்

பூவரசு மரம் பக்கத்தில் இருந்தால் வாத்தியத்துக்குக் காசு வேண்டாம். ரொம்பக் கொழுந்தும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் ஒரு இலையைப் பறித்துக் கழுவுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டினால் பென்சில் பருமனில் குழல் வரும். ஒரு முனையைப் பல்லால் லேசாக அமுக்கித் தட்டையாக்கி, அங்கே உதட்டை வைத்து ஊத வேண்டும். சத்தம் வராவிட்டால் முனை ரொம்ப நசுங்கியிருக்கும், அல்லது சுருட்டல் தளர்ந்திருக்கும். சின்ன இலை கீச்சென்று கத்தும், பெரிய இலை கனத்துப் பேசும். தென்னையோலையில் செய்கிற பீப்பியும் இதே வகைதான். ஈர்க்கு நீக்கின ஓலையைக் கூம்பாகச் சுற்றி, பிரியாமல் ஒரு ஈர்க்கால் குத்திவிட வேண்டும்.

கிலுகிலுப்பைக்குச் சின்னப் பாட்டில்கள் போதும். ஒன்றில் அரிசி, ஒன்றில் உளுந்து, ஒன்றில் புளியமுத்து. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு செய்து, உள்ளே தெரியாமல் துணி சுற்றிவிடுங்கள். நான் வெட்டுத்துணியில் உறை தைத்துப் போட்டேன். ஆட்டிப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். இதில் ஜாக்கிரதை வேண்டிய இடம் மூடிதான். பசை போட்டு ஒட்டி, மேலே டேப் சுற்றுங்கள். மூன்று வயதுக்குக் கீழே விதையோ பட்டனோ வாயில் போனால் மூச்சு அடைத்துக்கொள்ளும். குன்றிமணி, ஆமணக்கு, அரளி விதை மூன்றும் விஷம், அழகாக இருக்கிறதென்று எடுக்கவே கூடாது. கடையில் வாங்குகிற பாட்டுப் பொம்மைகளில் நாணயம் போன்ற குட்டி பேட்டரி இருந்தால், அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கொஞ்சமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

காது

கொடை நேரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் பிள்ளைக் காதுக்கு ஆகாது. நாங்கள் தெருமுனையிலிருந்து மேளம் கேட்போம். நையாண்டி மேளம் அங்கே வரைக்கும் தாராளமாகக் கேட்கும். வீட்டில் செல்போன் பாட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், திரையைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

இந்த விளையாட்டுகளில் இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்பது நமக்குத் தெரிந்துவிடும். கதவு படாரென்று சாத்தியும் கைக்குழந்தை திடுக்கிடவில்லை, ஆறு மாதமாகியும் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை, ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்றால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த சில நாளிலேயே காதைச் சோதிக்க வசதி இருக்கிறது.

ராத்திரி

தாலாட்டை நான் கடைசியாகக் கற்றுக்கொண்டேன். அம்மை எனக்குப் பாடியது பாதிதான் நினைவிருந்தது. தாலாட்டில் மாமனும் அத்தையும் வரிசையாக வந்து சீர் கொடுக்கிற அமைப்பு மனதில் இருந்ததால், அதே அமைப்பில் எங்கள் வீட்டு ஆட்களைப் போட்டு நானே கட்டிக்கொண்டேன்.

மாமா வந்தாரோ மக்ரூன் தந்தாரோ
அத்தை வந்தாளோ அல்வாத்துண்டு தந்தாளோ
சித்தி வந்தாளோ சீனிமிட்டாய் தந்தாளோ
பாட்டையா வந்தாரோ பனங்கிழங்கு தந்தாரோ

மாமா தூத்துக்குடியில் இருப்பதால் மக்ரூன். உங்கள் வீட்டு மாமா எங்கே இருக்கிறாரோ அந்த ஊர்ப் பலகாரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆளும் பலகாரமும் ஒரே எழுத்தில் தொடங்கினால் வாய்க்குச் சுலபம். பகலில் இதையே விளையாட்டாக்கலாம்: "தாத்தா வந்தாரோ..." என்று நிறுத்தினால் "தா"வில் தொடங்குகிற எதையாவது பிள்ளை கொண்டு வர வேண்டும். பெரியவன் ஒரு தடவை தாத்தாவுக்குத் தாமரைக்குளத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டான்.

மெட்டுக்கு அலைய வேண்டாம். நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்று சொல்வார்கள், கேட்டுப் பழகினால் அதன் சாயல் தானாக வரும். தெரியாவிட்டால், நாள் முழுக்கக் கூப்பிட்ட அந்த இரண்டு சுரத்தையே இழுத்து மெதுவாக்குங்கள். தொட்டில் ஆடுகிற வேகம்தான் பாட்டின் வேகம். முதல் சுற்று சொல்லோடு, சாதாரணக் குரலில். அடுத்தது குரலைத் தாழ்த்தி. அதற்கடுத்தது சொல் இல்லாமல் "ம்ம்" மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் தொட்டிலை இன்னும் கொஞ்சம் மெதுவாக விடுங்கள். பிள்ளை கண் மூடியதும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எழுந்துகொள்ளும். முதலில் தொட்டில் நிற்கட்டும். "ம்ம்" இன்னும் ஒரு பத்து மூச்சுக்கு ஓடட்டும்.